காடு காக்கும் சட்டமும் கான் வெட்டும் கையும்

(தோட்டத் தொழிலாளரும் கிராமத்து விவசாயிகளும் வெலிமடையில் ஒன்றுகூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



2025ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் தித்வா புயல் இந்நாட்டைத் தாக்கி 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பின்னர், மலைநாட்டைப் பாதுகாக்க வேண்டும் என்ற குரல் எல்லாத் திக்கிலும் எழுந்திருக்கின்றது. கண்டியிலும் நுவரெலியாவிலும் நமது பதுளை மாவட்டத்திலும் மலைகள் பிளந்து இறங்கிய காட்சியைக் கண்ட எவரும் அந்தக் குரலை மறுக்கமாட்டார். நாமும் மறுக்கவில்லை. மலை இருந்தால்தான் நீர் உண்டு; நீர் இருந்தால்தான் கீழே வயல் உண்டு, மேலே கொழுந்து உண்டு. இதனை நமக்குக் கொழும்பிலிருந்து எவரும் வந்து போதிக்க வேண்டியதில்லை.

ஆனால் "பாதுகாப்பு" என்ற சொல் சட்டப் புத்தகத்தில் ஏறியவுடன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எதனைப் பாதுகாப்பது என்பது ஒன்று. யாரிடமிருந்து பாதுகாப்பது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றது: ஒரு காலம் கோப்பி, ஒரு காலம் தேயிலை, ஒரு காலம் காடு, இன்று ஆற்று நீரும் மின்சாரமும். இரண்டாம் கேள்விக்கு விடை மட்டும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக மாறவே இல்லை. விறகுக் கட்டோடு வருகின்ற பெண், சேனை வெட்டுகின்ற குடியானவன், லயத்துக்குப் பின்னால் நான்கு பாத்தி கீரை போடுகின்ற தொழிலாளி: இவர்களிடமிருந்துதான் மலையைக் காக்க வேண்டுமாம்! இந்த இரண்டாம் விடையைக் குறித்தே இன்று பேச வந்திருக்கின்றோம்.

நாம் நிற்கும் இந்த வெலிமடை உமா ஓயாவின் மடி. ஹக்கலை மலைப்பக்கத்திலிருந்து இறங்கும் நீரெல்லாம் இவ்வழியே ஓடி, கீழே ரந்தம்பையில் மகாவலியோடு கலக்கின்றது. ஆற்றங்கரையில் படிப்படியாக வயல். அதற்கு மேல் உருளைக்கிழங்கும் கோவாவும் போஞ்சியும். அதற்கும் மேல் தேயிலை. உச்சியில் பத்தனைப் புல்லும் சோலைக்காடும். ஒரே மலையில் நான்கு அடுக்கு. அடுக்குக்கு ஒரு திணைக்களம், ஒரு சட்டம், ஒரு துரை. நீர் மட்டும் இந்த எல்லைகளைக் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை.

சட்டத்தின் கதையை 1840இல் இருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைத் தொழிலாளத் தோழர்களும் கிராமத்து நண்பர்களும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டுகின்றோம். காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம் முழுவதும், மறுதலையாக எண்பிக்கப்படும் வரை, முடிக்குரியது என்று அனுமானிக்க வேண்டுமென அது விதித்தது. கண்டிச் சீமைக்கு மேலும் கடுமை: சேனை நிலத்துக்கு உரிமை கோருபவன் மன்னர் கொடுத்த சன்னசு முதலிய சான்றுகளைக் காட்டினாலன்றி அந்நிலம் அவனுக்கில்லை. நீதிமன்ற வாசலை மிதித்தவர்களுக்கு எண்பிக்கும் சுமை என்றால் என்னவென்று தெரியும். எவன் தலையில் அச்சுமை ஏற்றப்படுகின்றதோ அவன் பாதி வழக்கை அங்கேயே தோற்றுவிடுகின்றான். பாட்டன் வெட்டி, தகப்பன் வெட்டி, மகன் வெட்டிவந்த சேனைக்கு ஓலையில் எழுதிய உரித்துப் பத்திரம் எங்கே இருக்கும்?

இந்தப் பகுதிக்கு அது இன்னொரு வகையிலும் கொடுமை. 1817, 1818 ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியில் ஊர்கள் எரிக்கப்பட்டன, வாய்க்கால்கள் உடைக்கப்பட்டன. அக்கிளர்ச்சியின் தலைவர் கெப்பெட்டிப்பொல திசாவையின் பெயரைத் தாங்கிய ஊர் இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கின்றது. எரிந்த ஊரை விட்டு ஓடியவனின் நிலம் இருபது ஆண்டு கழித்துப் "பயிரிடப்படாத நிலம்" ஆயிற்று. பயிரிடாமற் செய்தவரே பயிரிடவில்லை என்று எடுத்துக்கொண்டனர்! அவ்வாறு எடுத்த நிலம் குறைந்த விலைக்கு விற்கப்பட்டபோது, வாங்கியோர் வரிசையில் ஆளுநர் முதலாக அந்நாளின் உயர் உத்தியோகத்தர் பலர் நின்றனர் என்பது சரித்திரம்.

அந்நிலத்தில் காடழித்துக் கோப்பி நடுவதற்குத் தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள் நமது முன்னோர். இங்கே ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். சிங்களக் கிராமத்தான் தன் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்ததற்குத் தமிழ்த் தொழிலாளி காரணமல்லன். தமிழ்த் தொழிலாளிக்கு இந்த மண்ணில் ஒரு பிடி காணி கிடைக்காததற்குச் சிங்களக் கிராமத்தான் காரணமல்லன். ஒரே கட்டளைச் சட்டம் ஒருவனிடமிருந்து நிலத்தைப் பறித்தது. மற்றவனை நிலமில்லாதவனாகவே அதன்மேல் கொண்டுவந்து நிறுத்தியது. இவ்விருவரையும் மோதவிட்டு வாக்குப் பொறுக்கியவர்களின் கதை வேறு. இன்று அதனைப் பேச நேரமில்லை.

காட்டை அழித்தவர்களுக்கே பின்னர் காட்டின்மேல் கவலை பிறந்தது. 1869இல் நமது மாவட்டத்து மடுல்சீமையில் கோப்பி இலையில் துரு நோய் முதன்முதலாகக் காணப்பட்டது; சில பத்தாண்டுகளுள் கோப்பி மறைந்து தேயிலை எழுந்தது. இதற்கிடையில், மலையுச்சியை மொட்டையாக்கினால் ஆறுகள் வற்றும் என்று தாவர அறிஞர் ஜோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனையை ஏற்று, 1873இல் 5,000 அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காட்டைத் தோட்டத்துக்கு விற்பது நிறுத்தப்பட்டது. அது நல்ல காரியம். இன்று ஹக்கலையிலும் ஹோட்டன் சமவெளியிலும் மேகம் தங்குவதற்கு இடம் இருக்கின்றதென்றால் அந்த விலக்கும் ஒரு காரணம். 1938இல் ஹக்கலைக் காடு, ஆராய்ச்சியாளரன்றி வேறெவரும் நுழையக்கூடாத ஒதுக்கிடமாயிற்று. 2010இல் ஹோட்டன் சமவெளியை உள்ளடக்கிய மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இவற்றையெல்லாம் நாம் பாராட்டுகின்றோம்.

ஆனால் இத்தனை ஆண்டுகளில், அந்தக் காட்டின் ஓரத்தில் வாழும் மனிதன் விறகுக்கு எங்கே போவான் என்று எந்தச் சட்டமாவது கேட்டதுண்டா? காம்பராவில் அடுப்பெரிய வேண்டும். சம்பளத்தில் எரிவாயு வாங்க முடியாது. தோட்டத்து மரம் கம்பனியின் மரம். ஒதுக்குக் காட்டு மரம் அரசாங்கத்தின் மரம். உதிர்ந்த சுள்ளி பொறுக்கினாலும் வழக்கு; அதே மலையில் பெரிய மரங்கள் லொறியில் ஏறிப் போனால் அதற்கு ஓர் அனுமதிப் பத்திரம். மரம் வெட்டுவதை நாம் ஆதரிக்கவில்லை. சுள்ளிக்கும் லொறிக்கும் வேற்றுமை காணாத சட்டத்தை மலையின் காவலன் என்று மட்டும் கூற முடியாது என்கின்றோம்.

பத்தனையின் கதையும் இதுவே. ஊவாவின் புல்வெளிகளை "வெறும் புல்" என்று கருதி, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் சரிவு சரிவாகப் பைனஸ் மரம் நட்டார்கள். எண்ணிக்கைப்படி அதுவும் காடுதான். ஆனால் அந்தப் புல்வெளியில் கிராமத்தானின் மாடு மேய்ந்தது. கூரைக்கு மானாப்புல் அறுத்தனர். ஊற்றுக்கண் எங்கே என்று ஊரிலுள்ள கிழவனுக்குத் தெரிந்திருந்தது. பைனஸ் வந்த பின் ஊற்று வற்றியது என்று இப்பகுதியில் எந்தக் கிராமத்தைக் கேட்டாலும் கூறுவர். எல்லா ஊற்றும் அதனால்தான் வற்றியதா என்று விஞ்ஞானிகள் வாதாடட்டும். நடுவதற்கு முன் அந்தக் கிழவனைக் கேட்கவில்லையே என்பதுதான் நமது குறை. கேட்காமல் நட்ட காட்டில் ஆண்டுதோறும் கோடையில் நெருப்பு எரிகின்றது. தனக்கு எந்தப் பயனும் இல்லாத காட்டில் தீ விழுந்தால் அதனை அணைக்க ஊரார் குடத்தோடு ஓடிவருவார்களா?

இனி மண்ணுக்கு வருவோம். "கான்" என்றால் இலக்கியத்தில் காடு என்று பொருள். தோட்டத்தில் கான் என்றால் சரிவுக்குக் குறுக்கே வெட்டிய வடிகால். இரண்டு கானும் சேர்ந்துதான் மலையைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதை எந்தப் பண்டிதரும் எழுதிவைக்கவில்லை! மழைநீர் சரிவில் பாய்ந்து மண்ணை அரித்துக்கொண்டு போகாமல், கானில் இறங்கி, இடையிடையே விட்ட மேடுகளில் தங்கி, மண்ணைக் கீழே படியவிட்டுத் தெளிந்து செல்ல வேண்டும். கான் தூர்ந்தால் நீர் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ளும். கான் வெட்டியவர், கல்லடுக்கி வரம்பு கட்டியவர், வெறும் இடத்தில் நிழல்மரம் நட்டவர் யார்? நமது பாட்டனும் பாட்டியும். 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டத்தை நாம் வாசித்திருக்கின்றோம். காணிச் சொந்தக்காரனுக்குக் கட்டளையிடும் அதிகாரம் அதில் உண்டு. காணியில் வேலை செய்கின்றவன், "துரை, இந்தக் கான் தூர்ந்துவிட்டது, இந்தச் சரிவு வெடித்திருக்கின்றது" என்று முறையிட்டால் அதனைப் பதிந்து பதில் கூற வேண்டுமென்ற விதியை நாம் அதில் காணவில்லை. கொழுந்துக்கு ஆள் போடுகின்ற கணக்கில் கானுக்கு ஆள் போடுவது குறைந்துகொண்டே வந்திருப்பதைப் பிரட்டுக்களத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் அறிவர். கானுக்குக் கூலி போட்டால் இந்த மாத வரவு கூடாது. போடாவிட்டால் பத்து வருடம் கழித்து மலை இறங்கும். பத்து வருடம் கழித்து அந்த மனேஜர் அங்கே இருக்கமாட்டார். லயம் இருக்கும்.

நம் பக்கத்துக் குறையையும் ஒளிக்க வேண்டாம். செங்குத்தான சரிவில் வரம்பில்லாமல் கிழங்கு போட்டு, போகத்துக்குப் போகம் மண்ணைக் கிளறி, மூட்டை மூட்டையாக உரமும் மருந்தும் கொட்டுகின்ற பழக்கம் இந்த வெலிமடையிலும் போரலந்தையிலும் உண்டு. அந்த மண்தான் உமா ஓயாவில் இறங்கி ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் போய்ப் படிகின்றது. மேலே இருப்பவர் மருந்தடித்த நீரைக் கீழே இருப்பவர் குடிக்கின்றார். கமக்காரர் சங்கத் தோழர்கள் முகம் சுளித்தாலும் இதனைச் சொல்லாமல் விடமாட்டோம். ஆயினும் அதற்கும் ஒரு காரணம் உண்டு: அரை ஏக்கரில் கடன் வாங்கிப் போட்ட பயிர், விலை விழுந்தால் நடுத்தெரு. அவனைத் தண்டித்து மண்ணைக் காக்க முடியாது. வரம்பு கட்டுவதற்கு உதவியும் விளைவுக்கு உறுதியான விலையும் கொடுத்துப் பாருங்கள், மண் எங்கே போகின்றதென்று பார்க்கலாம்.

இப்பொழுது உமா ஓயாத் திட்டம். 2008இல் ஈரானிய ஜனாதிபதி வந்து அடிக்கல் நாட்டினார். 2024 ஏப்ரல் 24ஆந் திகதி மற்றோர் ஈரானிய ஜனாதிபதி வந்து திறந்து வைத்தார். இதோ பக்கத்தில் புஹுல்பொலவில் ஓர் அணை. டயரபாவில் ஓர் அணை. இரண்டுக்கும் இடையே ஒரு சுரங்கம். டயரபாவிலிருந்து மலையின் வயிற்றைக் குடைந்து 15 கிலோமீட்டருக்கு மேல் இன்னொரு சுரங்கம். அதன் முடிவில் வெல்லவாயப் பக்கம் ரந்தெனியவில் நிலத்தடியில் 120 மெகாவாட் மின்னிலையம். வெளியேறும் நீர் தெற்கே வறண்ட நிலங்களுக்கு. மொனராகலையின் குடியானவனுக்கும் அம்பாந்தோட்டையின் குடியானவனுக்கும் நீர் வேண்டாம் என்று கூறுகின்ற கல்நெஞ்சர் அல்லர் நாம். மின்சாரமும் வேண்டியதே.

ஆனால் நடந்தது என்ன? 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்தது. அந்த நீர் எங்கிருந்து வந்தது? மேலே பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளிலிருந்தும் ஊற்றுகளிலிருந்தும்! கிணறு வற்றியது, வயல் வெடித்தது, நிலம் இறங்கி வீட்டுச் சுவர் பிளந்தது, பவுசரில் குடிநீர் வந்தால்தான் சோறு என்றாயிற்று. 2017இல் மீண்டும் பெருங்கசிவு. அவ்வாண்டு ஜூன் மாதம் பண்டாரவளை நகரில் மக்கள் கடையடைத்து வீதிக்கு இறங்கினர். பிக்குகளும் வியாபாரிகளும் விவசாயிகளும் ஒரே வீதியில் நின்றனர்.

வேலைக்கு அடிக்கல் 2008இல். சுற்றாடல் அனுமதி 2011இல். கல்லை நாட்டிய பிறகு கேள்வி கேட்பது எந்த ஊர் முறை? 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடற் சட்டம் கூறுவது தெளிவானது. பெருந்திட்டத்தின் சுற்றாடல் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவிக்க வேண்டும். மக்கள் கருத்துக் கூற 30 நாள் கொடுக்க வேண்டும். மிக நல்ல விதி. ஆனால் அறிவித்தல் மூன்று மொழியில் வந்தாலும், பல நூறு பக்க அறிக்கையை வாசிக்கக் கொழுந்து பறிக்கின்ற பெண் ஒரு நாட்கூலியை இழந்து காரியாலயம் போக வேண்டும். போனால், "உங்கள் காணி எது? உறுதி எங்கே?" என்ற கேள்வி.

இங்கேதான் முடிச்சு இருக்கின்றது. நட்டஈடு எப்பொழுதும் உறுதியைத் தேடிச் செல்லும். கிணறு வற்றினால் கிணற்றுச் சொந்தக்காரனுக்கு நட்டஈடு. வயல் வெடித்தால் வயற்காரனுக்கு நட்டஈடு. லயத்தின் சுவர் வெடித்தால்? அது கம்பனியின் சுவர். ஐம்பது குடும்பம் நீர் பிடிக்கின்ற பீலி வற்றினால்? அந்தப் பீலிக்குச் சொந்தக்காரன் எவனும் இல்லை; ஆகவே இழந்தவனும் எவனும் இல்லை! நான்கு தலைமுறையாக விடியற்காலையில் குடத்தோடு நின்ற பெண்கள் சட்டத்தின் கண்ணுக்கு அந்த இடத்தில் நின்றதே இல்லை. நீரை இழந்தது ஒரு துயரம். இழந்ததாகக் கூறும் தகுதியும் இல்லை என்பது அதனினும் பெரிய துயரம்.

இந்தத் தகுதி எப்படிப் போயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று மனிதரைத் தேயிலைப் பெட்டி எண்ணுவதுபோல் எண்ணினர். 1988இல் ஒரு சட்டம், 2003இல் மற்றொரு சட்டம் என்று பிரஜாவுரிமை திரும்பி வந்தது. மக்களிடம் கருத்துக் கேள் என்ற சுற்றாடல் விதி வந்ததும் அதே 1988இல்தான். ஒரே பாராளுமன்றம் ஒரே ஆண்டில் "மக்களைக் கேள்" என்றும் சொன்னது. நம்மை "மக்கள்" என்றும் ஒப்புக்கொண்டது. இரண்டையும் சேர்த்து வாசிக்கத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

பிரஜாவுரிமை கிடைத்தும் காணியுரிமை கிடைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்துக்குக் கூறப்பட்டுவந்த விளக்கத்தின்படி தோட்டத்துக்குள் பிரதேச சபை ஒரு பாதை போடவும் வழி இருக்கவில்லை; 2018இல்தான் அது திருத்தப்பட்டது. வாக்குக் கேட்கத் தோட்டத்துக்குள் வரலாம், தண்ணீர்க் குழாய் கொண்டுவர முடியாது என்று முப்பது ஆண்டு இருந்த விந்தை அது!

உரிமையில்லாதவனுக்கு எச்சரிக்கையும் பயன்படாது என்பதற்கு மீரியபெத்த சாட்சி. 2014 அக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தனர். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் சேறாயிருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. "எச்சரித்தோமே, ஏன் போகவில்லை?" என்று அன்று கேட்டவர்கள் உண்டு. எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச் காணியும் இல்லாதவன், வேலையும் லயமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவன், மலையடிவாரத்தை விட்டு எங்கே போவான்? பின்னர் பூனாகலைப் பக்கம் வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். உயிர் போவதற்கு முன் கொடுக்க முடியாதிருந்த காணி, உயிர் போன பின் கிடைத்தது! மண்ணின் விஞ்ஞானம் அன்று தோற்கவில்லை. காணியின் சட்டம்தான் தோற்றது.

கடல் கடந்து ஒரு நாட்டைப் பார்ப்போம். கென்யா என்ற பெயர் உங்களுக்குப் புதிதல்ல. சம்பள உயர்வு கேட்கும்போதெல்லாம், கென்யாவில் தொழிலாளி எத்தனை கிலோ பறிக்கின்றான் தெரியுமா என்று முதலாளிமார் கேட்பது வழக்கம். கென்யாவைப் பற்றி அவர்கள் கூறாத ஒன்றை நாம் கூறுகின்றோம். அங்கே மாவ் என்னும் மலைக்காடு உண்டு. பல ஆறுகளுக்கு அதுவே தாய். அதில் தேன் எடுத்து வாழ்ந்துவந்தவர்கள் ஓகியக் மக்கள். காட்டோரத்தில் காவல்வேலி போலத் தேயிலை நடுவதென 1986இல் அங்குள்ள அரசாங்கம் தேயிலை வலயங்களை வகுத்தது. மாவ் காட்டில் பெரும்பகுதி குடியேற்றங்களுக்கும் மரம் வெட்டுவோருக்கும் போயிற்று. 2009 அக்டோபரில், நீரூற்றுகளைக் காக்க வேண்டும் என்று காரணம் காட்டி, 30 நாளில் வெளியேறும்படி ஓகியக் மக்களுக்கு அறிவித்தல் வந்தது. நமக்குக் கருத்துக் கூற 30 நாள். அவர்களுக்கு ஊரை விட்டுப் போக 30 நாள்.

அவர்கள் வழக்காடினர். தன்சானியாவின் அருஷா நகரிலுள்ள மனித, மக்கள் உரிமைகளுக்கான ஆபிரிக்க நீதிமன்றம் 2017 மே 26இல் தீர்ப்பளித்தது. காடு அழிந்ததற்கு ஓகியக் மக்களைக் காரணமாகக் காட்ட முடியாது; பாதுகாப்பின் பெயரால் அவர்களை அகற்றியது நியாயமாகாது; அவர்களுடைய நில உரிமை மீறப்பட்டது என்பது அதன் சாரம். 2022 ஜூனில், 15 கோடி கென்யச் சில்லிங்குக்கு மேல் இழப்பீடு கொடுக்கவும், மூதாதையர் நிலத்தை அளந்து அவர்கள் பெயரில் எழுதிக் கொடுக்கவும் நீதிமன்றம் பணித்தது. ஆயினும் 2023 நவம்பரில் அங்கே மீண்டும் வீடுகள் உடைக்கப்பட்டன. தீர்ப்பு வேறு, காணி வேறு. சட்டம் படித்தவர்களாகிய நாம் இதனை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு மக்கள் கூட்டம் இருந்தால்தான் அதற்கு உயிர்.

நமது கையில் என்ன தீர்ப்பு இருக்கின்றது? இருக்கின்றது, தோழர்களே. எப்பாவலைப் பொஸ்பேற்று மண்ணை அந்நியக் கம்பனிக்குக் கொடுக்க இருந்தபோது அங்குள்ள கிராமத்தவர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டில் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு, நாட்டின் இயற்கை வளங்களுக்கு அரசாங்கம் முதலாளியல்ல, மக்கள் ஒப்படைத்ததைக் காக்கும் பொறுப்பாளியே என்ற நியாயத்தை நிலைநாட்டியது. வழக்காடியவர்கள் கமக்காரர்கள், பசு வளர்ப்பவர், ஒரு விகாரையின் பிக்கு. அம்மனிதர்களுக்கு இந்நாடு கடன்பட்டிருக்கின்றது.

அந்த நியாயத்தைத் தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992க்குப் பின் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போயிற்று. கம்பனி வைத்திருப்பது 53 ஆண்டுக் குத்தகை. சொந்தக்காரன் இன்றும் அரசாங்கமே. அரசாங்கம் மக்களுக்காக வைத்திருக்கும் பொறுப்பாளி என்றால், தோட்டத்து ஊற்றும் கானும் காட்டு ஓரமும் அந்தப் பொறுப்புக்குள்தான் அடங்குகின்றன. லயத்துப் பெண்ணும் அந்த மக்களில் ஒருத்தி. அவளிடம் உறுதி கேட்பது தவறு; அவளுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் குத்தகைக்காரரும் அவருக்குக் குத்தகை கொடுத்தவருமே. இந்த வாதத்தை நாம் எந்த நீதிமன்றத்திலும் எடுத்துவைக்கத் தயார். வாதத்துக்குச் சாட்சியம் வேண்டும். அதற்காகவே உங்களிடம் வந்திருக்கின்றோம்.

தலைக்கு 7 பேர்ச் என்றும் 10 பேர்ச் என்றும் வீட்டுக்காணி கேட்பது நியாயம். அந்தக் கோரிக்கையை நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் வீட்டுக்காணியோடு நின்றுவிடுகின்ற தலைவர்களுக்கு ஒன்று கூறுவோம். வீட்டுக்கு மேலுள்ள மலை யார் கையில் என்பதைக் கேளாமல் வாங்குகின்ற வீடு, அடுத்த மழைக்குப் பயந்த வீடு. ஆகவே உமா ஓயாவின் நீரேந்து பிரதேசத்தைப் பற்றி முடிவெடுக்கின்ற எந்தக் குழுவிலும், கச்சேரியில் கூடினாலும் கொழும்பில் கூடினாலும், கிராமத்தவரோடு தோட்டத்தவரும் உறுப்பினராக இருக்க வேண்டும். அவர்களுள் பாதிப் பேர் நீர் சுமக்கின்ற பெண்களாக இருக்க வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை வரும்போது போகவேண்டிய காணியின் இலக்கமும் அதே கடிதத்தில் வரவேண்டும். கான் வெட்டுதல் கம்பனியின் விருப்பமாக இருக்கக்கூடாது. குத்தகையின் நிபந்தனையாக, கேட்டால் காட்டவேண்டிய கணக்காக இருக்க வேண்டும். காட்டோரத்தில் விறகுக்கென மரம் நட்டு, அதனை ஊராரும் லயத்தாரும் சேர்ந்து பராமரிக்க இடம் ஒதுக்க வேண்டும். நமீபியாவில் 1996இல் சட்டம் திருத்தி, பொதுநிலத்துக் காட்டு விலங்குகளின் பராமரிப்பையும் அதனால் வரும் வருமானத்தையும் அங்கு வாழும் சமூகங்களிடமே ஒப்படைத்தார்கள். யானையையும் காண்டாமிருகத்தையும் நம்பி ஒப்படைக்கலாம் என்றால், நமது மக்களை நம்பிச் சவுக்கு மரத்தை ஒப்படைக்க முடியாதா?

"இவர்களுக்கு உரிமை கொடுத்தால் காட்டை அழித்துவிடுவார்கள்" என்று சிலர் கூறுவர். நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டம் அவர்கள் கையில் இருந்தது. காடு எங்கே போயிற்று என்ற கணக்கை முதலில் அவர்கள் காட்டட்டும்.

இனி வேலை. இந்தப் பகுதியின் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு கிராமத்திலும் உள்ள பீலி, ஊற்று, கிணறு ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு தயாரிக்க வேண்டும். என்ன பெயரால் அழைக்கின்றீர்கள், எத்தனை குடும்பம் நீர் எடுக்கின்றது, எந்த மாதத்தில் மெலிகின்றது, யார் துப்புரவு செய்கின்றார்கள், எந்த ஆண்டிலிருந்து குறைந்தது என்று எழுதுங்கள். வயதானவர்களைக் கேட்டு எழுதுங்கள், ஓ.எல். படிக்கின்ற பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். நாளை இன்னொரு சுரங்கம் வந்தாலும், இன்னொரு ஒதுக்குக் காட்டுக்கு எல்லைக்கல் நட வந்தாலும், "இங்கே நீர் இருந்ததா?" என்ற கேள்விக்கு இந்தப் பதிவேடு பதில் சொல்லும். வெடித்த சரிவும் தூர்ந்த கானும் அதிலேயே தனிப் பக்கத்தில் பதியப்பட வேண்டும்.

படிவங்கள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. தமிழில் அச்சிட்டவை ஒரு பக்கம், சிங்களத்தில் அச்சிட்டவை மறுபக்கம். ஒரே ஊற்றில் தோட்டமும் கிராமமும் நீர் எடுக்குமானால் இருவரும் ஒரே படிவத்தில் ஒப்பமிட வேண்டும். அதற்காகவே கீழே இரண்டு வரி விட்டிருக்கின்றோம். நிரப்பியவற்றை அடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நாளில் இதே இடத்தில் பெற்றுக்கொள்வோம்.